மூஷிகத்துக்குத் தோள் கொடுத்தேன்

சின்னவளே, அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்த நீ பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "அப்பா, நீங்க பிள்ளையாரோட காடிய, அதான் எலி வாகனத்த, கொல்றீங்களாம். கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க." உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நீ சிரிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இருவரும் படியுங்கள். வகுப்பில் உன்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள்.

நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளன். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போகிறேன். கூண்டு கழுவுவதில் தொடங்கினேன். இப்போது எங்கள் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சுண்டெலியின் மூளையை எடுக்கிறேன். அவர் செராசில் வளர்ந்த சீனப் பெண்மணி. ஒரு வருடம் பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வலிப்பு நோய் மூளைக்குள் எதை மாற்றுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உயிர் உள்ள ஒவ்வொன்றின் உடம்பிலும் மரபணு என்ற குறிப்பு இருக்கிறது. குறிப்பு பூட்டிய அறையை விட்டு வெளியே வராது. அதிலிருந்து ஒரு படி எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படிக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். முதலில் வரும் படி நீளமான ரயில் மாதிரி. வேண்டாத பெட்டிகளைக் கழற்றிவிட்டு, வேண்டியதை மட்டும் மாட்டி ஓடவிட வேண்டும். மூளையின் ஓர் இடத்தில் ஒரு பெட்டியை வைத்துக்கொள்வார்கள், இன்னோர் இடத்தில் அதையே கழற்றிவிடுவார்கள். ரயில் வேறாகிவிடும், அது செய்யும் வேலையும் வேறாகிவிடும். எத்தனை ரயில் ஓடுகிறது, எதில் எந்தப் பெட்டி இல்லை என்று இயந்திரம் எண்ணிச் சொல்லும். வலிப்பு வந்த எலியையும் வராத எலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது டாக்டரின் வேலை.

இதில் என் பங்கு வேகம். எலிக்கு மயக்கம் கொடுத்து, அது எதையும் உணராத பிறகுதான் தொடுவோம். அதற்குப் பிறகு தாமதிக்கக் கூடாது. மூளையைப் பனிக்கட்டிமேல் வைத்து, வேண்டிய பகுதியைப் பிரித்து, சின்னக் குப்பியில் போட்டு, புகையாய்க் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் இறக்க வேண்டும். ஆர்.என்.ஏ. அவ்வளவு சீக்கிரம் சிதைந்துபோகும். என் கை தூங்கினால் அந்த எலி வீணாகச் செத்ததாகிவிடும். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம். எனக்கு இது சுலபமான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் வேலையைப் பற்றி நீ பெருமையாக வகுப்பில் சொன்னது கோயில் வரை போய்விட்டது. சதுர்த்தி ஊர்வலத்தில் மூஷிக வாகனத்தை நான் வருடா வருடம் தூக்குகிறேன். முன்கட்டையில் இடப்பக்கம் என் இடம். இந்த வருடம், அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கோயில் தலைவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். மேரு டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான்.

"தம்பி, எலிய அறுக்குறீங்களாமே?"

"ஆமாண்ணே."

"அப்ப இந்த வருஷம் பந்தல் வேல பாருங்க. மூஷிகத்த தொட வேணாம். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஜனங்க என்னத்தான் கேப்பாங்க."

"அண்ணே, உங்க கடையில எலி ஒட்டுற அட்டை விக்கிறீங்க. அதுல மாட்டுனா எலி விடிய விடிய கத்தியே சாகும். நான் மயக்கம் குடுக்குறேன். நம்ம ரெண்டு பேருல யாரு தூக்கக் கூடாது?"

பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பாஸ், அட்டை என்ன வெலன்னு இப்பவே சொல்லிருங்க, எங்க வீட்லயும் தொல்ல தாங்கல லா."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வியாபாரம் வேற, சாமி வேற," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

என்னோடு முன்கட்டை தூக்கும் லோரிக்கார அண்ணன் என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஏன் வம்பு? கூண்டு மட்டும்தான் கழுவுறேன்னு சொல்லிருங்க. யாரு உள்ள வந்து பாக்கப் போறா?"

"என் மக பாத்துக்கிட்டு இருக்காளே அண்ணே."

"பொய் இல்ல லா. கழுவுறீங்கதான?"

கழுவுகிறேன்தான். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால், நீ வகுப்பில் சொன்னது பொய் என்று ஆகியிருக்கும். நான் ஒளிக்க வேண்டிய வேலை செய்கிறேன் என்றும் ஆகியிருக்கும். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. வேலையை விடவும் மாட்டேன், இடத்தை விடவும் மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர்வலத்தன்று மாலை குளித்து, வேட்டி கட்டி, என் இடத்தில் போய் நின்றேன். தலைவர் நேராக என்னிடம் வந்தார்.

"தள்ளி நில்லுங்க தம்பி."

"மாட்டேண்ணே."

"சொன்னா கேக்கணும்."

"பிள்ளையார் சொல்லட்டும், கேக்குறேன்."

மேளம் தொடங்கிவிட்டது. என்னை இழுத்துத் தள்ளினால் சாமிமுன் சண்டையாகிவிடும், அது அவருக்கும் தெரியும். கடைசியில் சட்டையைக் கழற்றி யாரிடமோ எறிந்துவிட்டு, எனக்குப் பின்னால் அதே கட்டைக்கு அவரும் தோளைக் கொடுத்தார். நான் தூக்குவதைத் தடுக்க முடியாவிட்டாலும் தன் கையும் அதில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பழக்கமில்லாத தோள். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது.

"மாத்திக்கலாம் தம்பி. நீங்க எறங்குங்க," என்றார்.

"நீங்க எறங்குங்கண்ணே. எனக்கு வலிக்கல."

அவரும் இறங்கவில்லை. எங்கள் தாமானின் வீடுகள், வீதிகள் முழுக்கச் சுற்றி, கோயில் வாசலில் வாகனத்தை இறக்கும்வரை இருவரும் ஒரே கட்டையில்தான் இருந்தோம். இறக்கியதும் அவர் தோளைத் தடவிக்கொண்டே, "அடுத்த வருஷம் பாப்போம்," என்றார்.

"வருவேண்ணே," என்றேன்.

மறுநாள் ஆய்வகத்தில் மூளை எடுக்கும் நாள். நெற்றியில் விபூதியோடு முதல் ரயிலைப் பிடித்தேன்.