மெர்சியூரின் மற்றப் பக்கக் காற்று

சூசையண்ணை செத்துப்போய்விட்டார் என்று முதலாளி போனை வைத்துவிட்டுச் சொன்னபோது, நான் கறிவேப்பிலைப் பெட்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தேன். மெர்சிக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். அடுத்து, அங்கே இப்போது காற்று எப்படியாம் என்று கேட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பாரிசில், லா சப்பலில் எங்கள் கடைக்கு மரக்கறி வாங்க வருகிற உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். அவரோடு இத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு வேறென்ன கேள்வி வரும்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூசையண்ணை மன்னார்க்காரர். புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து ரயிலில் வந்து, காலையில் எங்கள் கடையின் மரக்கறிப் பகுதியைத் திறப்பவர். மனைவி நேரத்தோடு போய்விட்டா. ஒரே மகள் மெர்சி கல்யாணம் செய்து அமெரிக்காவின் நடுவிலே, சோளக் காடுகளுக்கு இடையில் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். மருமகனுக்கு அங்கே விதை ஆராய்ச்சி வேலை. அந்த ஊரின் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆகையால் மெர்சியூர் என்றோம். பிரெஞ்சிலே மெர்சி என்றால் நன்றி அல்லவா, சில பகிடிக்காரர் நன்றியூர் என்றும் சொல்வார்கள். அங்கே சுழல்காற்று வரும் என்று மெர்சி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றோடு அண்ணையின் நித்திரை போயிற்று.

பயந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. மெர்சியின் பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரி. அந்த ஊரின் பழைய கதையெல்லாம் அவவுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்சி போனைப் பிடிப்பாள், கிழவி சொல்லுவா, மெர்சி தமிழாக்குவாள். திங்கட்கிழமை அது முழுக்க எங்கள் கடை மேசைக்கு வந்துவிடும். முருங்கைக்காய்களை நீட்டி அடுக்கினால் ஆறு. நிறுத்திய தகர மீன்ரின்கள் தானியக் களஞ்சியம். பூசணிக்காய் தண்ணீர்த் தாங்கி. முதல் பாலத்தை வெள்ளம் கொண்டுபோன விதத்தை முருங்கைக்காயை வைத்தே காட்டுவார். வெட்டுக்கிளி வந்து சோளத்தை முடித்துவிட்டு, கொடியில் காய்ந்த உடுப்பையும் தின்ற கதையை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! கேட்கக் கேட்க எனக்கும் அந்தக் கதைகளில் ஆசை பிடித்துவிட்டது. சுழல்காற்று அங்கத்தைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரத்தைப் பிடுங்கி எறிந்து, மணியை மட்டும் கீறல் இல்லாமல் சோளத்துக்குள் இருத்திவிட்டுப் போனதாம். அந்தக் கதை வரும் நாளில் வெண்டிக்காய் வாங்க வந்த சனம் வெண்டிக்காயை மறந்து நிற்கும். அண்ணையின் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஓல்னே எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிக்கிற ஆட்களுக்குக்கூட மெர்சியூரின் ஆறு எங்கே திரும்புகிறது என்று தெரியும்.

எனக்கும் அவருக்கும் இருந்த ஓயாத சண்டை ஒரே விஷயத்தில்தான். சின்ன வயதில் மன்னாரில் புயல் கண்டவர் அவர். கடற்புயலுக்கு நடுவிலே ஒரு கண் உண்டு. ஒரு பக்கத்துக் காற்று அடித்து ஓய்ந்து, வானம் வெளித்து, சனம் வெளியே வந்து கூரையைப் பார்க்கும் நேரத்தில், மற்றப் பக்கத்தால் காற்றுத் திரும்பி வரும். அப்படி வெளியே வந்தவர்களில் அவருடைய சித்தப்பாவும் ஒருவர். “காத்து ஒருநாளும் ஒரு பக்கத்தாலை மட்டும் வராது, தங்கச்சி” என்பார். அண்ணை, அது கடற்புயல், இது தரையில் வாற சுழல்காற்று, இதுக்கு மற்றப் பக்கம் கிடையாது என்று நான் சொல்வேன். கிழவியும் அதையேதான் சொன்னா. அவர் கேட்டால்தானே.

மெர்சியூருக்குச் சுழல்காற்று வந்த அந்தப் பின்னேரம் கடை நிறையச் சனம். அங்கே மதியம். அண்ணையின் போன் அடித்தது. மெர்சியின் குரலுக்குப் பின்னால் சைரன் ஊளையிட்டது எங்களுக்கே கேட்டது. “பங்கருக்குள்ளை போ பிள்ளை” என்றார். அந்த வீட்டின் நிலவறைக்கு அவர் வைத்திருந்த பெயர் பங்கர். சண்டைக் காலத்தில் மன்னாரில் வீட்டு வளவுக்குள் வெட்டி வைத்திருந்த குழியின் பெயர் அவருக்கு வாயில் வந்ததில் என்ன புதுமை? மெர்சி கிழவியையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். பிறகு ஒரு பெரிய இரைச்சல். கடையில் தராசில் வைத்த கத்தரிக்காயை எடுக்க ஆளில்லை. பிறகு அமைதி. தாங்கள் தப்பிவிட்டோம், யன்னல்தான் போய்விட்டது, மேலே போகிறோம் என்றாள் மெர்சி.

அண்ணை போட்ட சத்தத்தில் முன் கடைக்காரனும் ஓடி வந்தான்.

“மேலை ஏறாதை! இனித்தான் மற்றப் பக்கம் வரும். அப்பா சொல்லுறன், இரு.”

முடிந்துவிட்டது, வாடி என்று கிழவி அந்தப் பக்கம் அவளை இழுத்திருக்கிறா. ஊரின் வரலாறு முழுக்கத் தெரிந்த மனுசி சொல்வது சரி. அப்பா சொல்வது பிழை என்று மெர்சிக்கும் தெரியும். ஆனாலும் அப்பாவின் குரல் உடைந்ததைக் கேட்டுப் படியில் இருந்துவிட்டாளாம். அவள் ஏறாததால் கிழவியும் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறா. பிறகு போன் அறுந்துவிட்டது. அண்ணை ஒரு பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டார். நான் சைவக்காரி, எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் நானும் கூப்பிட்டேன்.

மற்றது வந்தது. உண்மையாகவே வந்தது! மேலே, சமைக்கிற குசினியும் அதன் கூரையும் போய்விட்டன. கீழே இருந்த இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. மெர்சி திரும்பப் போன் எடுத்தபோது கடையே துள்ளியது. முன்பின் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரி என்னைக் கட்டிப் பிடித்தா.

அது திரும்பி வந்த காற்று இல்லை, பின்னாலே வந்த வேறொரு சுழல்காற்று என்று பிறகு விளக்கம் வந்தது. அண்ணை பிழை, ஆனால் பிள்ளை பிழைத்தாள் என்று நான் நக்கலடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே முருங்கைக்காயை அடுக்கினார். “எல்லாம் ஒண்டுதான். அதைத்தான் நான் மற்றப் பக்கம் எண்டனான்” என்றார். கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

செத்த வீட்டுக்கு மெர்சி வந்தாள். நான் அழவில்லை. கோப்பி ஊற்றினேன், வந்தவர்களுக்கு எந்த ரயிலில் திரும்புவது என்று சொன்னேன், மாலையை எங்கே வைப்பது என்று இரண்டு பேரோடு கொளுவினேன். அப்போதுதான் மெர்சி சொன்னாள். கிழவி பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊர்க்கதை சொல்கிறவவாம். வெட்டுக்கிளி, பாலம், கோயில் மணி எல்லாம் சொல்லி முடித்து, இப்போது கடைசியாக, பாரிசில் மரக்கறி விற்ற ஒரு மனிதர் பிழையான காரணத்தைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறாவாம். அண்ணை அந்த ஊரை ஒருநாளும் கண்ணால் காணவில்லை, ஆனால் அதன் வரலாற்றுக்குள் போய்விட்டார்! பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று நான் கை தட்டிவிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவர் விட்டுப்போனதில் நான் வைத்திருப்பது மேசையில் அந்த முருங்கைக்காய் ஆறு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மாதத்தின் முதல் புதன்கிழமை வந்தது. பாரிஸ் முழுக்க நண்பகலில் சைரனை ஊதிப் பரிசோதிக்கும் நாள். தெருவில் ஒருவரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் மீன்ரின்னைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டில் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வர, நின்றுவிட்டேன். என்னக்கா, என்ன நடந்தது என்று வெண்டிக்காய் வாங்க வந்த பிள்ளை பயந்துபோய்க் கேட்டாள்.

“ஒண்டுமில்லை பிள்ளை. மற்றப் பக்கம் வந்திட்டுது.”