சுவரில் வர வேண்டிய கறை

செம்மேட்டில் ஓவர்சியராக இருந்தபோது, மழை பெய்தால் நான் வீட்டுக்குள் குடை பிடித்துத்தான் சாப்பிடுவேன். அப்படிப்பட்ட என்னை நம்பி, அரியூர் நாட்டு மிளகு விவசாயி ஒருவர் தம் வீட்டுச் சுவரில் ஏறும் ஈரத்தை, ஓதத்தைப் போக்க அழைத்தார். நெடிய மனிதர். உட்கார்ந்தால் சுவரில் சாயமாட்டார். ஒரு முழம் தள்ளியே இருப்பார்.

சுவரடியில் தார் பூசி ஓதத்தை நிறுத்தினோம். இனி மேற்பூச்சுதான் பாக்கி.

“சிமெண்ட் பூசிடலாங்க. ஒரு கறை வெளியே தெரியாது” என்று பெருமையடித்தேன்.

அவர் அடுப்படிச் சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார்.

“எங்க ஊட்டுக்காரி சாஞ்சு உக்கார்ற எடமுங்க. மாசியில போய்ட்டா. சொவரு உதுர்ற தூசில பேத்தி இருமறா, பூசாமயும் உட முடியாது. எதப் பூசுனா இது திரும்ப மேல வருமுங்க?”

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் நான், குனிந்து அந்தக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“சுண்ணாம்புங்க. மெல்லிசாப் பூசுனா எண்ணெய் மேல வந்துரும்.”

“எப்பங்க?”

“ஒரு மழைக்காலம் போகணுங்க.”

“போகட்டுங்க. நான் இங்கதான இருக்கேன்.”

சுண்ணாம்பே பூசினோம். அடுத்த மழைக்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் பார்த்த வேலைகளில் எல்லாம் எங்கே கறை தெரிந்துவிடுமோ என்றுதான் பயம். அந்த ஒரு சுவரில் மட்டும், தெரியாமலே போயிருக்குமோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.