ஐஸ்கிரீம் டப்பாவில் எண்பது ரவைகள்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. அதில் வைத்துத்தான் நான் றைபிள் ரவைகளைக் கையால் நிரப்பினேன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அச்சுக்குள் அமுக்கி, அடியில் தீப்பொறி தரும் புதிய பிரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்து ஊற்றி, வாயில் பாய்ந்து போகும் முனையான சன்னத்தைப் பொருத்தினால் ஒரு ரவை. ஊரில் இரசாயனம் படிப்பித்த எனக்குத் தராசு புதிதல்ல. அனுமதிப் பத்திரம் இருந்தது. மருந்தைப் பூட்டித்தான் வைத்தேன். ஆனாலும் மனைவி விடமாட்டாள்.

"இஞ்சேருங்கோ, வெடிச் சத்தத்துக்கு ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இஞ்ச வந்திருந்து வெடி சுத்துறியளே?"

"இது கடதாசி சுடுறதுக்கு."

"கடதாசி உங்களுக்கு என்ன செய்தது?"

என் வயதுக்காரரான ஒரு பஸ் சாரதி அடுத்த வரிசை வீட்டில் இருந்தார். நகரத்துக்கு வடக்கே இருந்த சுடுதளத்துக்கு அவருடைய காரில்தான் இருவரும் போவோம். என்னுடையது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் றைபிள். அவருடையது தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் செமி ஓட்டோ. அங்கே நடந்த முந்திய வருடப் போட்டியில், அவர் தானே நிரப்பிய ரவைகள் மூன்று தரம் துப்பாக்கிக்குள் இறுகிக்கொண்டன. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்த முறை நீங்கள் செய்து தாங்கோ மாஸ்டர், எனக்கு மானம் போகேலாது" என்றார். அவருக்கு நாற்பது, எனக்கு நாற்பது செய்தேன்.

இரண்டும் ஒரே அளவு ரவைதான், ஒரே சன்னந்தான். வேறுபாடு உள்ளேதான். சுட்ட கோது, சுட்ட துப்பாக்கியின் வயிற்றளவுக்கு வீங்கிவிடும். என் போல்ட் றைபிளுக்கு அதன் கழுத்தை மட்டும் அமுக்கினால் போதும். மிச்சத்தை என் கை தள்ளிப் பூட்டும். செமி ஓட்டோவுக்கு உடம்பு முழுவதையும் அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். மருந்தும் வேறு. என்னுடையது குச்சி குச்சியாக இருக்கும். அவருடையது கடுகுபோல உருண்டை. என் மருந்து அவருடைய துப்பாக்கிக்கு ஆகாது; அழுத்தம் கூடிப் பூட்டை உடைத்துவிடலாம்.

போட்டிக்கு முதல் நாள் பகல், தன்னுடைய நாற்பதையும் எடுத்துப் போக வந்தார். மனைவி ஒரு தட்டில் ரோல்ஸ் அனுப்பியிருந்தாள். நான் மேலே தேத்தண்ணி எடுக்கப் போன நேரத்தில், தட்டு வைக்க இடமில்லையென்று மேசையிலிருந்த இரண்டு பெட்டி ரவையையும் வெறும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றுக்குள் கொட்டிவிட்டார்.

"ஐசே, என்ன வேலை செய்தனீர்?"

"எல்லாம் ஒரே சைஸ்தானே மாஸ்டர். எண்ணி நாற்பதைத் தாங்கோ."

என்னிடம் ஓர் இரும்பு அளவுக்குழல் இருந்தது. சரியாக அமுக்கிய கோது அதற்குள் விளிம்போடு சமமாக இறங்கும். என்னுடையவை மேலே துருத்தி நிற்கும். எண்பதையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்று இறங்கின. முப்பத்தொன்பது துருத்தின. திரும்பவும் பார்த்தேன். அதே கணக்கு. போதிய அளவு வீங்காத என்னுடைய கோது ஒன்று அவருடையவற்றுக்குள் நுழைந்திருந்தது.

"ஒண்டுதானே. நாற்பத்தொண்டில ஒண்டு. அது வராது மாஸ்டர்."

"வந்தால்? உம்மட கண்ணுக்குக் கிட்டத்தான் வரும்."

சன்னம் கழற்றும் சுத்தியலுக்குள் ரவையைப் பூட்டி மரக்கட்டையில் அடித்தால் சன்னமும் மருந்தும் கழன்று விழும். நாற்பத்தொன்றையும் கழற்றத் தொடங்கினேன். அவர் ரோல்ஸ் சாப்பிட்டபடி, "விசர் மனிசன், விசர் மனிசன்" என்று ஒவ்வொரு அடிக்கும் தாளம் போட்டார். இருபத்தேழாவதில் குச்சி மருந்து கொட்டியது. அவர் அதை உள்ளங்கையில் எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"காணும் மாஸ்டர். மிச்சத்தை விடுங்கோ."

விடவில்லை. மிச்சம் பதினான்கையும் கழற்றினேன். எல்லாம் உருண்டை மருந்து. அதன்பிறகு நாற்பதையும் முதலிலிருந்து நிறுத்து நிரப்பினேன். இந்த முறை அவர் மேசையைத் தொடவில்லை.

மறுநாள் ஐந்தைந்தாக எட்டுத் தடவை சுட்டார். நான் பின்னால் நின்று விரல் மடித்தேன். ஒவ்வொரு முறையும் கோது தெறித்து, அடுத்தது ஏறிப் பூட்டும் சத்தம் ஒரேமாதிரிக் கேட்டது. ஒன்றும் இறுகவில்லை. கடைசி ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் விழுந்திருந்தன.

போட்டியை நடத்திய வெள்ளைக்காரர் ஒரு கோதைக் குனிந்து எடுத்து, எந்தக் கடையில் வாங்கிய ரவை என்று கேட்டார். நண்பர் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"கொம்பனி நான்தான் எண்டு சொல்லுங்கோ மாஸ்டர். உங்கட இங்கிலீசிலயே சொல்லுங்கோ, வடிவாய்க் கேக்கட்டும்."

சொன்னேன். அன்றைக்கு என் இலக்குத் தாள் எப்படி இருந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அதைச் சுருட்டிக் காருக்குள் போட்டுவிட்டு, அவருடைய தாளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன்.