டிரசர் வீட்டுப் பூனை வார்டு

டிரசர் தினமும் காலையில் பூனையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி ஈறைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "செவப்பு" என்பார். அந்தப் பூனைக்கு அன்றைய பொழுது நன்றாக விடிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது வந்து உட்காரும். அதற்கும் "செவப்பு". சில நாள் ஒன்றின் முன்னால் மட்டும் கூடுதலாகக் கொஞ்ச நேரம் குந்தியிருப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்ப்பார். ஈறு வெளுத்தால் ரத்தம் குறைகிறது என்று பொருள். வெளுத்திருக்கிறது என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. "நீ இங்கயே இரு கண்ணு" என்று அதைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொள்வார். ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். இவர் தினமும் பூனைகளுக்குப் பெரட்டு வைத்தவர். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிக்காதம்மா, அதுங்களுக்கு ரோசம் வந்துரும்" என்றார், முகத்தில் ஒரு சுளிப்புமில்லாமல்.

அவரை ஈப்போவுக்குப் பக்கத்தில் கோப்பெங் வட்டாரத்தில் எல்லாரும் டிரசர் என்றே கூப்பிட்டார்கள். ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்தி, அவசரத்துக்குப் பிரசவமும் பார்த்தவர். டாக்டர் எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்; மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர். அவர் ஓய்வு பெற்றுத் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு வாங்கிக் குடிவந்த பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அங்கே பூனை நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஆட்கள் லாரி ஏறிவிட்டார்கள், பூனைகள் பூட்டின வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தன. யாரோ வந்து இதைச் சொல்ல, டிரசர் தினமும் போய் அரிசிச் சாக்கிலும் கோழிக் கூடையிலுமாகப் பதினோரு பூனைகளைப் பிடித்துவந்தார். கையெல்லாம் கீறல்.

நான் ஈப்போவில் ஒரு பிராணிகள் கிளினிக்கில் வேலை செய்கிறேன். பேர் எழுதுவது, பூனையைப் பிடித்துக்கொள்வது, கூண்டு கழுவுவது, வந்தவர்களோடு வாய்ச்சண்டை போடுவது எல்லாம் என் வேலை. பதினொன்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். நான்கு சுத்தம், அவற்றுக்கு வீடு தேடிக் கொடுத்துவிட்டோம். ஏழுக்கு லுக்கீமியா. பெயரைக் கேட்டு ரத்தப் புற்று என்று ஆட்கள் பயப்படுவார்கள். அடிப்படையில் அது ஒரு கிருமி. எச்சிலில் பரவும். ஒரே தட்டில் தின்றால், ஒன்றையொன்று நக்கிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். மனிதருக்கு ஒட்டாது. தீர்க்க மருந்து கிடையாது. நன்றாகக் கவனித்தால் சில வருடம் சந்தோஷமாக இருக்கும். எங்கள் டாக்டரம்மா சீனர். மலாயில் மெதுவாக எடுத்துச் சொல்லி, வேண்டுமானால் கஷ்டப்படாமல் தூங்க வைத்துவிடலாம் என்றும் சொன்னார். டிரசர் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப அதுங்களுக்கு வலிக்குதா?"

"இப்ப இல்லைங்கய்யா."

"அப்பறம் எதுக்கும்மா? வலிக்கிறப்பப் பாத்துக்கலாம்லா."

ஏழும் அவர் வீட்டுப் பின்னறைக்குப் போயின. அதற்கு அவர் வைத்த பெயர் வார்டு. கம்பி வலை அடித்த கதவு, அதற்கு ஒரு கொண்டி, வாசலில் சவுக்காரத் தண்ணீர் வாளி. உள்ளே போகத் தனிச் சட்டை, வெளியே வர வேறு சட்டை. வார்டுத் தட்டுகளெல்லாம் சிவப்பு. பூனைகளுக்குத் தோட்டத்து உத்தியோகங்களையே பெயராக வைத்திருந்தார். கிழட்டுக் கடுவன் பூனைக்குக் கங்காணி. எந்நேரமும் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் குண்டுக்கு, தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியின் பெயர். வாயில் புண் வந்து தின்னாத நாளில் கோழி சூப்பை ஊசிக்குழாயில் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக ஊட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி மருந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். வேலைக்காகப் போக ஆரம்பித்தவள், பிறகு அவர் மனைவி டிரசரம்மாவின் மீன் குழம்புக்காகப் போனேன் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

டிரசரம்மாவுக்கு ஒரே ஒரு பூனை. கறுப்பி. குட்டியிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தது. நோயில்லாதது. ஏழும் வந்து இறங்கிய அன்றைக்கே அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். "ஒங்க ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், எங்க வீடு இந்தப் பக்கம். எங்கறுப்பி மேல அதுங்க மூச்சுக் காத்து படக்கூடாது. பட்டுச்சு, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்." டிரசர் தலையாட்டினார். ஊரையே அதட்டின மனுஷன் வீட்டில் தலையாட்டுகிறாரே என்று நான் வேடிக்கை பார்த்தேன். கறுப்பிக்கு நீலத் தட்டு, முன் ஹால், வருடா வருடம் தடுப்பூசி. மாரடைப்பில் டிரசரம்மா போன பிறகும் அந்த ஏற்பாட்டில் இம்மியும் மாறவில்லை. சொல்லப்போனால் இன்னும் இறுகிவிட்டது. அந்த அம்மாவிடம் அவர் கொடுத்த வாக்கில் உயிரோடு மிச்சமிருந்தது அந்தப் பூனைதான்.

அந்த வாக்கைக் கெடுக்கப் பார்த்தவள் நான்.

முதல் வருடத் திதி. அவர்களுடைய ஒரே மகன் சிங்கப்பூரில். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் விடியற்காலையிலேயே போய்ச் சமைத்தேன். அந்த அம்மாவுக்குப் பிடித்த கெம்போங் மீன் குழம்பு, பொரித்த நெத்திலி, முட்டை, பயற்றங்காய்ப் பிரட்டல். ஹாலில் படத்துக்கு மாலை போட்டு, கீழே தலைவாழை இலை விரித்துப் படைத்தோம். சாம்பிராணி காட்டச் சொன்னார். நான் தோட்டத்துப் பிள்ளை. சாம்பிராணி என்றால் வீட்டில் ஒரு மூலை விடாமல் புகை போகவேண்டும் என்று வளர்ந்தவள். சமையற்கட்டு, அறைகள், குளியலறை எல்லாம் சுற்றினேன். கை பழக்கத்தில் கம்பிக் கதவையும் திறந்து வார்டுக்குள் காட்டினேன். ஏழும் தும்மின. வெளியே வந்தேன். தூபக்கால் கையைச் சுட்டது. கதவைக் காலால் தள்ளினேன். கொண்டி போடவில்லை.

படைத்த பிறகு வீட்டிலிருக்கிறவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். போனவர்கள் வந்து சாப்பிடும்போது நாம் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம். எங்கள் பக்கத்து வழக்கம் இது. டிரசர் வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டே, "வார்டுக் கதவு போட்டிருக்குல்ல?" என்றார். "போட்டாச்சுய்யா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. கதவைச் சாத்திவிட்டு இருவரும் வாசலில் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம். இலை சரசரத்தது. பிறகு எலும்பு கடிபடும் சத்தம்.

டிரசர் என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கண்ணெல்லாம் தண்ணீர். "வந்துட்டாம்மா" என்றார்.

என்னத்தைச் சொல்ல! எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத வெளிச்சம். அதைக் கெடுக்க வாய் வராமல் இன்னும் சில விநாடி நின்றேன். பாவி, அந்த விநாடிகளையும் சேர்த்துத்தான் நான் வீணாக்கினேன். பிறகு கதவைத் தள்ளினேன். ஒரே இலையில் எட்டுத் தலைகள். கங்காணி மீன் தலையைக் கறுப்பியிடமிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. கிராணி ஒரு பக்கம் சோற்றை முடித்துவிட்டு, கறுப்பியின் வாயிலிருந்த குழம்பை நக்கிக்கொண்டிருந்தது.

டிரசர் ஏழையும் உள்ளே விட்டுக் கொண்டி போட்டார். கறுப்பியின் வாயைத் தண்ணீரால் கழுவித் துடைத்தார். கூடையில் வைத்து என் கையில் கொடுத்தார். "டாக்டரம்மாகிட்ட காட்டு. ஒட்டிச்சா இல்லையான்னு தெரியிற வரைக்கும் ஒங்கிட்டயே இருக்கட்டும். நான் இங்கயும் அங்கயும் கை மாத்திக்கிட்டே இருக்க முடியாது." அவ்வளவுதான். இந்த மனுஷன் தோட்டத்தில் ஒருத்தியைத் திட்டினால் நாலு லயம் தள்ளிக் கேட்கும் என்று டிரசரம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறார். மாத்திரையைத் தூர எறிந்தவனை ரப்பர் நிரை முழுக்கத் துரத்தித் திட்டினவராம். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தடுப்பூசி இருக்கிறது, வளர்ந்த பூனை, ஒட்டியிருக்கும் வாய்ப்புக் குறைவு, ஆனால் ஒட்டவே ஒட்டாது என்று என்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இப்போது ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று பார்த்தால்தான் நிம்மதி. நாள் முழுக்கப் பூனை மேய்த்துவிட்டு வீட்டிலாவது பூனை முகம் வேண்டாம் என்றிருந்தவள் நான். என் கட்டிலில், என் தலையணையில், என் தலைக்குப் பக்கத்தில் கறுப்பி குடியேறியது. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும்.

"ஈறு?"

"செவப்புய்யா."

"சாப்பிட்டிச்சா?"

"சாப்பிட்டிச்சுய்யா."

வைத்துவிடுவார். நான் எப்படியிருக்கிறேன் என்று கேட்க மாட்டார். பல் விளக்குவதற்கு முன்னால் பூனை ஈறைப் பார்ப்பது எனக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் தும்மினால் போதும், என் சோறு இறங்காது. ஒரு மாதத்தில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. நான் கிளினிக்கில் குதிக்காத குறை. அவர், "இன்னொண்ணு இருக்குல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்கிடையில் கங்காணிக்கு முடியாமல் போயிற்று. ஈறு காகிதமாக வெளுத்துவிட்டது. மூச்சு வாங்கியது. டிரசர் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். "இப்ப வலிக்குதும்மா, டாக்டரம்மாகிட்ட சொல்லு" என்றார். டாக்டரம்மா ஊசி போடும்போது கங்காணியின் தலை அவர் உள்ளங்கையில் இருந்தது. "போயிட்டு வாடா, வேலை முடிஞ்சிருச்சு" என்றார். அழவில்லை. எனக்குத்தான் நிற்கவில்லை. அன்றைக்காவது வாய்திறந்து, உன்னால்தான் இன்னொன்றும் இப்படிக் கிடக்கப் போகிறது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வெறும் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மூன்றாம் மாதம் கறுப்பிக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தோம். டிரசர் விடியற்காலையில் கிளம்பி, கிளினிக் திறப்பதற்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேலைக்குப் போகும்போது போடுவது. சின்னச் சோதனை அட்டையில் ரத்தச் சொட்டை விட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபது வருடமாக எத்தனையோ பேருக்கு, "ஒக்காருங்க, இப்ப தெரிஞ்சிரும்" என்று அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை பார்த்தார். சிரித்தார். கறுப்பிக்கு ஒன்றுமில்லை. இனியும் ஒன்றுமில்லை.

டிரசர் மெதுவாக எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏண்டி, அறிவிருக்கா ஒனக்கு? ஒரு கொண்டி! ஒரு விரலால தள்ளுற கொண்டி! கைதான் ஒடஞ்சு போச்சா? போட்டாச்சுய்யான்னு வாய் கூசாம சொன்னியே, அந்த வாயில கொள்ளிய வைக்க! இருபது வருசம் பூனைக்கு மத்தியில கெடந்து என்னத்தக் கத்துக்கிட்ட? மூணு மாசமா நான் ஒழுங்காச் சோறு தின்னேனா?"

கிளினிக் முழுக்க நின்றுவிட்டது. பூனைக்குட்டியோடு வந்திருந்த மலாய்க்காரப் பெண் வாசலுக்கு நகர்ந்தாள். டாக்டரம்மா என்னமோ சண்டை என்று பதறி ஓடிவந்தார். நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். நெஞ்சிலிருந்து மூன்று மாதத்துப் பாறாங்கல் இறங்கினால் அழாமல் என்ன செய்வது! அழுதுகொண்டே கேட்டுவிட்டேன். "அன்னிக்கே திட்டியிருக்கலாம்லய்யா?"

மூச்சு வாங்க நின்றார். சத்தம் இறங்கியது.

"அன்னிக்குத் திட்டியிருந்து, இதுக்கு எதாச்சும் ஆயிருந்தா? அந்தத் திட்டு ஒம்மேலயே நின்னுருக்கும். ஒன் ஆயுசுக்கும் எறங்கியிருக்காது." கூண்டுக்குள் விரலை விட்டுக் கறுப்பியின் தாடையைச் சொறிந்தார். "இப்ப ஒண்ணும் ஆவலலா. இப்ப நல்லா வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.