கம்பி வலைக்குப் பச்சையடித்த மாதங்கள்

தலைமுடியில் பெயிண்ட் ஒட்டிவிட்டால் தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, சற்று ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் உருவ வேண்டும். எங்கள் பக்கத்தில் இது தெரிந்த பெண் அநேகமாக நான் ஒருத்திதான். கல்யாண வீட்டுக்குப் போனால் சொந்தக்காரப் பெண்கள் என் நகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, மருதாணி செவக்கவே இல்லையா, பச்சையாவே நின்னுபோச்சே" என்று கேலி செய்வார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "ஒங்க வீட்டுல கொசுக்கடி இல்லாமத் தூங்குறீங்கள்ல, அது இந்த மருதாணி புண்ணியம்தான்" என்பேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக்குப் பெயிண்ட் பூசுகிறவர்கள். நைலான் வலை இல்லை, மெல்லிய இரும்புக் கம்பியில் துணி போல நெய்து வருகிற வலை. பெயிண்ட் இல்லாமல் விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது, துருவேறி உதிர்ந்துவிடும். வல்லத்திராக்கோட்டை போகிற ரோட்டோரம் எங்கள் நிலத்திலேயே ஷெட் போட்டிருக்கிறோம். போன மாதம் அதில் புது மிஷின் வந்து இறங்கியது. பழையதைக் குளத்தூரில் தொழில் தொடங்குகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அதை லாரியில் ஏற்றும்போது அடுப்பில் ஏதோ வேலை இருப்பதைப் போல நான் வீட்டுக்குள் போய்விட்டேன். புதிது நல்ல மிஷின்தான். சத்தம் குறைவு, தலையில் பெயிண்ட் தெறிப்பதில்லை. ஆனாலும் பழையது நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் இருக்கும் நாலு போல்ட்டு ஓட்டையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. கல்யாணம் நடந்தது அதற்குப் பல வருஷம் முன்பு. குடும்பம் நடத்தத் தொடங்கியது அந்த மிஷினோடுதான்.

அதற்கு முன்னால் அவர் வளைகுடாவில் இருந்தார். வேலிக் கம்பி பின்னுகிற கம்பெனி ஒன்றில் வேலை. கல்யாணமான இரண்டாம் மாதமே விமானம் ஏறிவிட்டார். அப்புறம் லீவு விடும்போது வருவார், சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவோம், அதற்குள் நாள் முடிந்துவிடும். எங்கள் மகள் அவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "எப்பப்பா போறீங்க?" என்றுதான். குழந்தைக்குக் குசும்பு இல்லை, அவளுக்குத் தெரிந்த அப்பா அப்படி. எனக்கும் அவர் குரல் தெரிந்த அளவுக்கு முகம் தெரியாது. போனில் வளவளவென்று பேசுவேன், நேரில் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று விழிப்பேன்.

ஒரு தடவை நீண்ட லீவில் வந்தவர், கோயமுத்தூர்ப் பக்கம் யாரோ தொழிலை விட்டுவிட்டு விற்ற அந்தப் பழைய மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். கம்பெனியில் வேலையை விடவில்லை. திரும்பிப் போகிற டிக்கெட்டும் கையில் இருந்தது. "ஓட்டிப் பாப்போம். ஓடுச்சுன்னா இருக்கேன், ஓடலன்னா போறேன்" என்றார், ஏதோ பஸ்ஸைப் பற்றிச் சொல்வதைப் போல. எனக்கு ஆத்திரமாக வந்தது. இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிற மனுஷன் இப்படியா பேசுவார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மிஷின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு முனையில் பெயிண்ட் பூசாத வலை ரோல் தொங்கும். அது மெல்ல அவிழ்ந்து பெயிண்ட் தொட்டிக்குள் முங்கி எழும். அப்புறம் இரண்டு ரப்பர் ரோலர்களுக்கு நடுவே பிழிபட்டு வரும், கரும்பு மிஷினில் கரும்பு வருகிற மாதிரி. அதையும் மீறி வலைக் கண்களில் தங்குகிற பெயிண்டைப் புளோயர் ஊதித் தள்ளிக் கண்ணைத் திறந்துவிடும். கடைசியில் ஹீட்டர் பெட்டிக்குள் புகுந்து, காய்ந்து, மறுமுனையில் சுற்றிக்கொள்ளும். பெயிண்ட் தொட்டிப் பக்கம் அவர், சுற்றுகிற பக்கம் நான். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிற நிலையில் நாங்கள் இல்லை.

புளோயர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் கையால் பேசிக்கொள்ளப் பழகினோம். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்தால் வேகத்தைக் குறை. நான் சேலை முந்தானையை உதறினால் வலை ஒரு பக்கமாக இழுக்கிறது. நெற்றியைத் தொட்டால் டீ. நாள் போகப்போக மிஷினுக்குச் சம்பந்தமில்லாததையும் கையாலேயே பேசினோம். மதியச் சாப்பாட்டுக்குக் குழம்பா ரசமா என்பதில் தொடங்கி, ரோட்டில் போகிற சொந்தக்காரரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பது வரைக்கும். நேரில் பேச்சு வராத எங்களுக்கு அந்தச் சத்தம் பெரிய உபகாரம் செய்தது.

திடீரென்று கரண்டு போனால்தான் கூத்து. ஹீட்டர் பெட்டி உடனே ஆறாது, உள்ளே நிற்கிற வலையில் பெயிண்ட் கருகிப்போகும். கைப்பிடியைப் போட்டு இரண்டு பேருமாகச் சுற்றி வெளியே இழுத்தாக வேண்டும். ஒரே கைப்பிடியில் நாலு கை. மூச்சு வாங்கும், சிரிப்பும் வரும். "ஒங்கப்பா வீட்டுல சோறு போட்டாங்களா இல்லையா, நல்லா சுத்து" என்பார். "ஒங்க கம்பெனில ஒட்டகத்தப் பூட்டித்தான் சுத்துவாங்களோ" என்பேன் நான். அப்போதெல்லாம் கரண்டு போகாதா என்றுகூட நினைத்திருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கோளாறு தலைகாட்டியது. காலையில் மிஷினை ஓட்டத் தொடங்கியதும் வருகிற வலையில் அங்கங்கே கண் அடைத்திருக்கும். பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது என்று அவர் தின்னர் ஊற்றுவார். புளோயர் சரியாக ஊதவில்லை என்று நான் அதைத் திருகுவேன். கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகச் சுத்தமாகிவிடும். தின்னரால் சரியானது என்று அவரும், புளோயரால் சரியானது என்று நானும் சண்டை போடுவோம். மறுநாள் காலையில் மறுபடியும் வரும். மிஷின் சூடு பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று கடைசியில் இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

முதலில் வருகிற வலை ரோலின் உள்சுற்றுக்குப் போய்விடும். விற்கிறவருக்கு அது கடைசியில்தான் கண்ணில் படும். எங்கள் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தவர் இலுப்பூரில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஒருவர். அவர் ஒரு நாள் மத்தியானம் கட்டாக வலைத் துண்டுகளைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் போட்டார்.

"பாருங்க தம்பி, வெளியில அவ்வளவு அழகா இருக்கு. நெறைய ரோல்ல முடியப்போற எடத்துல கண்ணு அடைச்சுக் கெடக்கு. காத்து வராத வலைய எந்த வீட்டு ஜன்னல்ல அடிக்கச் சொல்றது? அடுத்த லோடு ஒண்ணு பாக்குறேன். இதுவும் இப்படியே இருந்துச்சுன்னா மதுரையிலேயே எடுத்துக்கிறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. நான் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

டிக்கெட் தேதிக்கு அதிக நாள் இல்லை. என் வீட்டுக்காரர் துண்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, "கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரணும், வாரேன்னு" என்றார்.

"யாரு ஒங்களக் கையப் புடிச்சு நிறுத்துனா? போறதுன்னா போங்க" என்றேன்.

அன்றைக்கு முழுக்க நான் அவரோடு கையாலும் பேசவில்லை.

அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வத்தல் காயப்போடும்போது காக்கை கொத்தாமல் மூடுவதற்கு ஆகும் என்று, மறுநாள் அவர் இலுப்பூர் போயிருந்த நேரத்தில் கழுவித் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். பின்னால் வெயில் அடித்தது. கண் திறந்த இடமெல்லாம் வெளிச்சம், அடைத்த இடம் மட்டும் இருட்டு. ஷெட்டுக்குள் அரையிருட்டில் ஓடும்போது தெரியாதது இங்கே நன்றாகத் தெரிந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கோடு. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் மூன்று கோடு. அப்புறமும் அதே மூன்று கோடு, போகப்போக மங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். நான் என்னுடைய மூன்று விரலை வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது.

திருநீற்றுப் பட்டை. நம் ஊரில் இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். குழைத்த திருநீறு ரப்பர் ரோலரில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைக் கூடுதலாக வாரி ஒவ்வொரு சுற்றிலும் வலைமேல் அப்பியிருக்கிறது. தேய்ந்து போகிற வரைக்கும் அப்பிவிட்டு அப்புறம் விட்டுவிடுகிறது. தின்னருக்கும் புளோயருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பூசியது யார்? நான் பூசவில்லை. மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். கோயிலுக்குக் கூப்பிட்டால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிற ஆள். மிஷின் வந்த அன்றைக்கு நான் தேங்காய் உடைக்கப் போனபோதுகூட, "இரும்புக்கு என்னத்தத் தெரியும்" என்று சிரித்தவர்.

அடுத்த நாள் காலையில் ஹீட்டரைப் போடுவதற்கு அவர் முன்னால் போனதும், சத்தம் காட்டாமல் நானும் பின்னால் போனேன். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். உள்ளே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக் குழைத்து, மேல் ரோலரின் ஓரத்தில் மூன்று விரலால் இழுத்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவர் நின்ற நிற்பைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளைபோல நின்றுகொண்டிருந்தார்.

"தினமுமா?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். பொட்டலத்தை மறைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. "ஓடணும்ல" என்றார்.

"ஓடலன்னா போயிருவேன்னு சொன்னீங்கள்ல."

"போகணும்தான். வேற என்ன பண்றது." பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆனா என்னால முடியலம்மா. இந்தத் தடவ ஏறுனா எனக்கு நெஞ்சு விட்டுப்போகும். ஒங்கிட்ட சொன்னா நீ பயந்துருவன்னு சொல்லல."

இத்தனை நாளாக நான் அவர்மேல் வளர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையில் இருந்த திருநீறு கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய், கொடியில் தொங்கிய வலையை வெயிலுக்கு எதிரே காட்டினேன். அவர் தன் மூன்று விரலை அந்தக் கோடுகள்மேல் வைத்துப் பார்த்தார்.

"சாமிக்குப் பூசுறத நிறுத்த வேணாங்க. மோட்டார் மூடில பூசுங்க. ரோலர மட்டும் விட்டுருங்க" என்றேன்.

ரோலரைத் தின்னர் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். மோட்டார் மூடியில் பட்டை போட்டது நான். அன்றைக்கு மிஷின் ஓடத் தொடங்கியபோது இரண்டு பேருமே சுற்றுகிற பக்கம் வந்து நின்றுவிட்டோம், தொட்டிப் பக்கம் ஆளே இல்லை. முதல் முழத்திலிருந்தே வலை சுத்தமாக வந்தது. லோடு எடுக்க வந்த இலுப்பூர்க்காரர் ஒரு ரோலை முழுக்க அவிழ்க்கச் சொல்லி, உள்முனையை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். "தின்னர மாத்துனோங்க" என்று என் வீட்டுக்காரர் முகம் மாறாமல் சொன்னார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டிக்கெட் போட்டிருந்த நாள் வந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையிலிருந்து ரோல் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அவர் புளோயரை நிறுத்தினார். திடீரென்று ஷெட் அமைதியானது.

"இந்நேரம் ஏறியிருப்பேன்" என்றார்.

"ம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தார். வருகிற லீவுக்கெல்லாம் அவர் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்துவார், போகும்போது அதிலேயே வைத்து மூடுவார். அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "என் சட்டையெல்லாம் எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் மகளுடைய துணி, மற்றதிலெல்லாம் என் சேலைகள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு இருந்ததில்லை. எனக்கும் அது உறைத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. நடுத்தட்டுச் சேலைகளை வாரி மெத்தைமேல் போட்டுவிட்டு, அதைத் துடைத்துப் புதுப் பேப்பர் விரித்தேன். அவர் ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கொடுத்தார், நான் அடுக்கினேன். பாதித் தட்டுகூட நிரம்பவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றேன்.

"அம்புட்டுத்தான்" என்றார்.

"சரி, மிச்சத்த இங்கயே புதுசா எடுத்துக்கலாம்" என்று சொல்லிப் பீரோவைச் சாத்தினேன்.