இரண்டாம் முறை வெளிநடப்பு

நகர்மன்றக் கூட்டத்தை நாளிதழுக்கு எழுதுவது என்பது, கவுன்சிலர்கள் பேசியதில் பாதியைக் காப்பாற்றி, மீதியிலிருந்து அவர்களைக் காப்பாற்றும் தொழில். சொத்துவரி கட்டிவிட்டு வாசல் தண்ணீரைத் தாண்டி வேலைக்குப் போகும் உங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்று போர்டு

ஊர்ப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். குமணன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகும் ஒரு சிறு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி பேரூராட்சியானது, பேரூராட்சி நகராட்சியானது. ஒவ்வொரு தடவையும் போர்டு மாறியது, பந்தல் போட்டார்கள், நான் செய்தி எழுதினேன். ஏரிக்கரைத் தெருப் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தத் தெருவில் தேவராஜுக்கு நெல் வயல் இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிகள். அவரிடம் ஒரு தண்ணீர் லாரி. நகராட்சியானதில் என்ன லாபம் என்று கேட்டேன்.

"வெயிலுக்கு அந்த ஃபிளாட்டுக்குத் தண்ணி ஊத்துறேன், மழைக்கு அதே ஃபிளாட்லேர்ந்து தண்ணி எறைக்கிறேன். வருசம் பூரா வேலை கீது அண்ணாத்தே!"

சார் வரலையா?

பெண் கவுன்சிலர் மனு கொடுக்க வந்தால், அதிகாரிகளின் கண் அவருக்குப் பின்னால் கணவரைத் தேடும். பேசுவது, கோபப்படுவது, டீ குடிப்பது எல்லாம் கணவர் பொறுப்பு. ஏரிக்கரைத் தெருவில் சுயேச்சையாக ஜெயித்த சாந்தி தனியாக வந்தார். மழைக்கு முன்னால் தெருவுக்கு வடிகால் வேண்டும் என்றார். பொறியாளர் மனுவை வாங்காமல், "சார் வரலையாம்மா?" என்றார்.

"அவரு ஊட்ல ஃபிரிட்ஜைக் கட்டில் மேல ஏத்திகினு கீறாரு. நீ என்னாண்ட பேசு சார்."

காரணம் பின்னால் வரும்

எங்கள் மன்றத்தில் எதிர்த்தரப்பு வெளிநடப்பு செய்யாத கூட்டம் கிடையாது. கோஷம் போட்டபடி வெளியேறி, எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்வார்கள். நகர்மன்றத் தலைவர் மீதித் தீர்மானங்களை நிம்மதியாக முடித்துக்கொள்வார். இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடு. எதிர்த்தரப்புக் குழுவை நடத்தும் குணசேகரன் கூட்டத்துக்கு முந்தின நாளே எனக்குப் போன் செய்துவிடுவார்.

"வெளிநடப்பு கன்ஃபார்ம் சார். எதுக்குன்னு மட்டும் அப்புறமா வாட்ஸ்அப்ல அனுப்புறேன்."

கேமரா வந்தது

மழைக்கு முந்தைய கடைசிக் கூட்டம். சாந்தியின் வடிகால், தீர்மானப் பட்டியலின் அடியில் இருந்தது. ஆளும் தரப்பில் பாதிப்பேர் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முதல் தீர்மானத்துக்கே குணசேகரன் குழு வெளியேறியது. கூட்டம் நடத்தத் தேவையான ஆட்கள் உள்ளே இல்லை. ஒத்திவைப்பதைத் தவிர வழியில்லை என்றார் தலைவர். அடுத்த கூட்டத்துக்குள் ஏரி நிரம்பிவிடும். சாந்தி உட்காரவில்லை.

அதே நேரம் வாசலில் உள்ளூர்த் தொலைக்காட்சியின் கேமராக்காரர் வந்து இறங்கினார். குமணன்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டவர். வெளிநடப்பைத் தவறவிட்டதாகத் தெரிந்ததும், "அண்ணே, இன்னொரு தபா உள்ள போய்ட்டு வாங்களேன்" என்றார் குணசேகரனிடம். மொத்தக் குழுவும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தது.

"தலைவரே, இப்ப எல்லாரும் கீறாங்க. வடிகாலை எடுங்க" என்றார் சாந்தி. தலைவருக்கும் புரிந்துவிட்டது. தீர்மானத்தைப் படித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். குணசேகரன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கேமராக்காரரின் கையசைப்புக்காகக் காத்திருந்தார்கள். ஆட்சேபணை இல்லை, தீர்மானம் நிறைவேறியது. கை அசைந்தது. எல்லோரும் கோஷத்தோடு எழுந்து வெளியேறினார்கள்.

டீக்கடையில் குணசேகரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், இப்ப நாம எதை எதிர்த்து வெளிய வந்தோம்?"

மழைக்குள் வடிகாலை வெட்டி முடித்தார்கள்; அந்த மழையில் சாந்தி வீட்டு ஃபிரிட்ஜ் தரையிலேயே நின்றது. எங்கள் நகராட்சி வரலாற்றில் இரு தரப்பும் சேர்ந்து செய்த அந்த ஒரே வேலைக்கு, இன்றுவரை இரண்டு தரப்பாருமே தனித்தனியாகப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.