குழாய் எட்டிய தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி போன் செய்தார். “களத்துல வெள்ளையா இன்னாவோ பூத்துக்கினு இருக்குதுங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

அது என்ன பூ, யார் வைத்த பூ... இரண்டும் எனக்குத் தெரியும்.

போன மாதம் இதே பக்கத்தில், சிமென்ட்டுக்கு மாற்றான ஜியோபாலிமர் பற்றி எழுதினேனே, நினைவிருக்கிறதா? இல்லையா? நல்லது. நினைவு வைத்திருக்கும் ஒரே வாசகர் என் மகளின் மாமனார் — அதுதான் பிரச்னை.

சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட வேண்டும்; கரியமில வாயு கிளம்பும். ஜியோபாலிமருக்கு அந்தச் சூளை வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலில் காரக் கரைசலைக் கலந்தால், சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, ஒன்றோடொன்று கைகோத்து, கல்லாக இறுகிவிடும். சிமென்ட் தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. இதுவோ இறுகும்போது தண்ணீரை வெளியே தள்ளுகிறது.

இப்படியெல்லாம் அளந்திருந்தேன். சம்பந்தி அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நைனார்பாளையத்தில் புதுக் களம் போட்டால் அதில்தான் என்றார். தெரிந்த பேராசிரியர் ஒருவர் கலவையின் அளவு சொன்னார். மேஸ்திரி கையுறை மாட்டிக்கொண்டு போட்டு முடித்தார். அடுத்த வாரம் மக்காச்சோளம் வந்து இறங்கும். வானமோ மூட்டம் போடுகிறது. களம் கைவிட்டால் சோளத்தை எங்கே காய வைப்பது? என் மகள் வாழ்வதும் அந்த வீட்டில்தான்!

தளம் போட்ட மறுநாள் சம்பந்தி குடும்பத்தோடு வெள்ளிமலைக்கு ஒரு காதுகுத்துக்குப் போனார். ஆடு ஏறாமல் பார்த்துக்கொள்ள என்னை உட்கார்த்திவிட்டுப் போனார். உச்சி வெயில். தளம் வெளிறி வெளிறிக் காய்கிறது. போட்ட தளம் காய்வதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? புத்தி புதுசைப் படித்துவிடுகிறது. கைதான் பழைய வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஹோஸை எடுத்தேன். குளிரக் குளிர அடித்தேன்.

இப்போது போய்ப் பார்த்தால் குழாயடியைச் சுற்றி அரைவட்டமாக வெள்ளைப் பொடி. மேஸ்திரி சுத்தியலால் தட்டினார். மற்ற இடமெல்லாம் கணீர். அரைவட்டம் மட்டும் ஆணியால் கீறினாலே உதிர்ந்தது. இறுகுவதற்குள் தண்ணீர் பட்டால் உள்ளேயிருக்கும் காரம் கசிந்து வெளியே வந்துவிடுமாம். அவர் சொன்னது சம்பந்தியிடம், பார்த்தது என்னை.

தூறல் ஏதாவது போட்டிருக்கும் என்று இழுத்தேன்.

“மழ குழாய் எட்டுற தூரத்துக்குத்தான் பேயுங்களா, சம்பந்தி?”

நல்லவேளை, மற்ற இடம் சோளத்துக்குப் போதும் என்றார் மேஸ்திரி. எனக்கு மூச்சு வந்தது. சம்பந்தி நிதானமாகச் சட்டைப்பைக்குள் கைவிட்டு, மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“கண்ணாடி எடுத்தாரலீங்க. அந்தக் கோடு போட்டத மட்டும் கொஞ்சம் சத்தமா படிங்க.”

‘தளம் போட்ட பின் தண்ணீர் ஊற்றவே கூடாது!’

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.